382 கிலோமீட்டர் போன வைஃபை மாடிப்படி ஏறாது, தெரியுமா?

வெனிசுவேலாவில் 2007ஆம் ஆண்டு எர்மான்னோ பியெட்ரோசெமோலியும் அவரது குழுவினரும் ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு மலை உச்சிக்கு வைஃபை அனுப்பினார்கள். எவ்வளவு தூரம் தெரியுமா? 382 கிலோமீட்டர்! சென்னையில் கிளம்பினால் திருச்சியைத் தாண்டிவிடலாம். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது வீட்டில் வைக்கிற லிங்க்சிஸ் ரவுட்டர்தான். கூடவே பெரிய டிஷ் ஆன்டெனா.

வெனிசுவேலா எதற்கு, நம் தேனியே போதும். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்து மையத்தில் உட்கார்ந்த நோயாளி, தேனி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். அதுவும் 2000களின் நடுவில், நம்மில் பலர் வைஃபை என்ற பேரையே கேள்விப்படாத நாளில்!

அப்பேர்ப்பட்ட வைஃபைக்கு நம் வீட்டு மாடி அறைக்குப் போக ஏன் மூச்சு வாங்குகிறது? மலைகளுக்கு நடுவே வெறும் காற்று. நம் வீட்டில் நடுவே நிற்பது கம்பி கட்டி ஜல்லி போட்ட தளம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிகூட இல்லை. வேகம் அதிகம் தரும் அந்தக் குட்டை அலைதான் சுவரிடம் முதலில் தோற்கிறது. இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கும். நிலைக்கண்ணாடியும் அப்படியே, பின்னால் உலோகப் பூச்சு இருக்கிறதே! மீன் தொட்டி விழுங்கும். நாமும் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால், விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் சிக்னல் இளைக்கும்.

இப்போது ஒரு கணக்கு. ரவுட்டர் 100 மில்லிவாட் அனுப்புகிறது என்று வையுங்கள். போனில் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) காட்டினால், வந்து சேர்ந்தது அதில் எத்தனை பங்கு தெரியுமா? நூறு கோடியில் ஒரு பங்கு! அதை வைத்துக்கொண்டுதான் போன் நமக்குப் படம் காட்டுகிறது.

சரி, பெரிய ரவுட்டராக வாங்கிவிடலாமா? கடைக்காரர் எட்டு ஆன்டெனாக் கொம்பு முளைத்த ஒன்றை எடுத்து வைப்பார். வேண்டாம். திருவிழாக் குழாய் ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கும். நீங்கள் வீட்டிலிருந்து பதில் சொன்னால் மேடைக்குக் கேட்குமா? ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், சின்ன பேட்டரியோடு இருக்கும் போன் அதே அளவு திருப்பிக் கத்த முடியாது. நான்கு கோடும் நிறைந்திருக்க, வாட்ஸ்ஆப் படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் தேவை ஒரு பெரிய குரல் அல்ல, தளத்துக்கு ஒரு சின்னக் குரல். அதாவது வைஃபை வீசும் இன்னொரு பெட்டி, ஆக்சஸ் பாயின்ட். பிளக்கில் செருகும் மலிவு ரிப்பீட்டர் அந்த வேலையைச் செய்யாதா? செய்யும், ஆனால் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது பாருங்கள், வேகம் அங்கேயே பாதியாகிவிடும்! ஒரே வலையாகச் சேர்ந்து இயங்கும் மெஷ் பெட்டிகள் தமக்குள் பேசத் தனி ரேடியோ வைத்திருந்தால் பரவாயில்லை. என்னைக் கேட்டால் கேபிளுக்கு ஈடில்லை. செம்பு நெட்வொர்க் கேபிள் ஒன்று 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் கொண்டு போகும். எந்த வீட்டில் 100 மீட்டர் இருக்கிறது? டிவி கேபிளுக்காகச் சுவருக்குள் போட்ட குழாய் சும்மா கிடந்தால் எலக்ட்ரீஷியன் அதிலேயே இழுத்துவிடுவார். கரண்ட் வயர் ஓடும் குழாயில் மட்டும் சேர்த்து இழுக்க விடாதீர்கள்.

கேபிளில் ஒரு விசித்திரம் உண்டு. 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறீர்கள். மாடியில் எத்தனை முறை சோதித்தாலும் 94க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஏன் தெரியுமா? கேபிளுக்குள் எட்டு நரம்புகள். 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும். 100க்கு நான்கு போதும். முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்தபோது நீலமோ பழுப்போ ஒன்று சரியாகப் பதியாவிட்டால், கேபிளின் இரு முனைப் பெட்டிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் கம்பெனியோடு சண்டை போடுவதற்கு முன் அந்த முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்!

பரணில் பழைய ரவுட்டர் கிடக்கிறதா? அதுவே ஆக்சஸ் பாயின்ட் ஆகும், தெரியுமா? லேப்டாப்போடு கேபிளில் இணைத்து அதன் செட்டிங்ஸைத் திறங்கள். கீழ்த்தள ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள், அந்த எண்ணைக் கீழ்த்தள ரவுட்டர் வேறு கருவிக்குத் தராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஹெச்சிபியை அணையுங்கள். கருவிகளுக்கு எண் பங்கிடும் வேலை அது, வீட்டுக்கு ஒருவர் பார்த்தால் போதும். கடைசியில், கீழிருந்து வரும் கேபிளை ‘வான்’ போர்ட்டில் அல்ல, ‘லான்’ போர்ட்டில் செருகுங்கள். முடிந்தது!

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று சேனல் 1 என்றால் மற்றது 6 அல்லது 11. இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. ஆனால் எந்தப் பெட்டியோடு ஒட்டுவது என்று முடிவெடுப்பது யார்? ரவுட்டர் அல்ல, உங்கள் போன்! ஐஃபோன் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே சரிந்தால்தான் வேறு இடம் தேடவே ஆரம்பிக்கும். கீழ்ப் பெட்டி உரக்கக் கத்திக்கொண்டிருந்தால், மாடிக்குப் போன பிறகும் போன் அதையே பிடித்துத் தொங்கும். என்ன செய்ய? பெட்டிகளின் பவரைக் குறைக்க வேண்டும். ஆம், குறைத்தால்தான் வேகம் கூடும்!

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் ரவுட்டர் தன் பெயரை நொடிக்குப் பத்து முறைக்குச் சற்றுக் குறைவாக அறிவிக்கிறது. நாளொன்றுக்கு 8,43,750 தடவை! விருந்தாளிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பெயர் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் அதே கணக்கு.

சரி, ரவுட்டரை எங்கே வைப்பது? லண்டன் இம்பீரியல் கல்லூரி இயற்பியல் மாணவர் ஜேசன் கோல் 2014இல் தன் வீட்டு வரைபடத்தின் மேல் அலை பரவுவதைக் கணிக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டையே போட்டுத் தீர்த்துப் பார்த்தார்! நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நட்டுவைத்த கொம்பு பக்கவாட்டில்தான் வீசும், நுனியிலிருந்து அல்ல என்று தெரிந்தால் போதும்.

புதுப் பெட்டியை ஆன் செய்தும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒரு நிமிஷம் வரவில்லையா? பதறி அணைக்காதீர்கள். அந்த அலைவரிசையின் ஒரு பகுதி வானிலை ராடார்களுக்கும் சொந்தம். அதில் வாய் திறப்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் ராடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து 60 நொடி!