மீட்டருக்கு அகப்படாத மருந்து

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் வைத்தியர்கள் எழுதித் தரும் டைக்ளோஃபினாக் ஸோடியம், ரஸாயன சாஸ்திரத்தின் கணக்கில் ஓர் உப்பேயாகும். ஆகவே, 1887-ல் ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் வகுத்த கொள்கைப்படி, ஜலத்தில் கரைந்ததும் அது ஸோடியம் அயனியாகவும், வலி தீர்க்கும் குணம் முழுவதையும் தன்னிடத்தே கொண்ட எதிர்மின் அயனியாகவும் பிரிந்து, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடுகிறது. இவற்றுள் ஸோடியம் விரைந்து நகர, பருத்த சரீரமுடைய மருந்து அயனி பின்தங்கிவிடுவதால், கரைசலின் கடத்துதிறனில் பெரும்பகுதி, வலியோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத ஸோடியத்தின் உபயமே.

மருந்து அயனியின் சுபாவத்தைக் கண்ணால் காண விரும்புவோர், சோதனைச்சாலையில், அதன் தெளிந்த கரைசலில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்க்கலாம்; அயனி ஹைட்ரஜனைப் பற்றிக்கொண்டு மின்னேற்றத்தை இழக்க, நீர் வெண்மையாகக் கலங்கி, கரையாத பொடி மெல்ல அடியில் படியும். இரைப்பையின் அமிலத்திலும் இதுவே நிகழும். குடலை அடைந்த பின்னரே மருந்து மீண்டும் அயனியாகிக் கரைகிறது.

என் மனத்தை அலைக்கழிப்பதோ, அதற்குப் பிந்திய பிரயாணம். உண்டதில் ஒரு பங்கு சிறுநீரோடும், முழங்காலில் பூசிய களிம்பு குளித்த நீரோடும் சாக்கடையைச் சேர்கின்றன. சுத்திகரிப்பு நிலையங்களாலும் அதை முற்றிலும் நீக்க இயலுவதில்லை. லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவிலேயே ட்ரௌட் மீன்களின் சிறுநீரகமும் செவுளும் பழுதுற்றன என்று 2004-ல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் எழுதினர். அந்த 5 மைக்ரோகிராம், உப்புச்சத்து மிகுந்த கிணற்று நீரின் கடத்துதிறனில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் கூட்டும். நம் இல்லங்களில் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர், கடத்துதிறனை அளந்தே எண்ணைக் காட்டும் கருவியாதலால், மருந்து கலந்த நீருக்கும் கலவாத நீருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். நாமும் திருப்தியோடு பருகுவோம்.

இத்தனை சொற்ப அளவு மனிதரை ஒன்றும் செய்யாது என்பாரும் உளர். ஆயினும், மாடுகளுக்குச் செலுத்திய இதே மருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளிய பிறகன்றோ, 2006-ல் இந்தியாவில் கால்நடை மருத்துவத்தில் அது தடைசெய்யப்பட்டது! இம்மருந்தைத் தனியே பிரித்து நிறுக்கும் நிறப்பகுப்புச் சோதனை, ஆஸ்பத்திரிச் சாக்கடைகள் கலக்கும் ஆற்றங்கரைக் கிணறுகளுக்கேனும் ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். அதன் முடிவு ஊர்ப் பொதுப் பலகையில் எழுதப்படவும் வேண்டும்.