பருத்தியும் பாவுக் கஞ்சியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் பருத்தியும் விளைகிறது. சோளமும் கம்பும் விளைகின்றன. பருத்தி நூலாகிறது, தானிய மாவு கஞ்சியாகிப் பாவுக்கு விறைப்பூட்டுகிறது. இவ்விரண்டும் அடிப்படையில் ஒரே பொருளால் ஆனவை. நூலிலுள்ள செல்லுலோசும் கஞ்சியிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோக்கப்பெற்றவையே.

அங்ஙனமாயின், மாவு வெந்நீரில் குழைந்து கஞ்சியாக, சேலை மட்டும் குழையாதிருப்பதேன்? காரணம் வடிவமே. செல்லுலோசில் ஒவ்வொரு குளுக்கோசும் அடுத்ததற்குத் தலைகீழாகத் திரும்பி இணைவதால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பாவிழைகளைப் போல் நெருங்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நீர் அவற்றைப் பிரிக்க இயலாது. மாவுச்சத்திலோ எல்லாம் ஒரே பாங்காக இணைவதால் சங்கிலி வளைந்து, ஏறக்குறைய ஆறு குளுக்கோசுக்கு ஒரு சுற்றாகச் சுருள்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வடிவங்களைக் கணக்கிட்டு அறிவது எங்ஙனம்? சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் புரதச் சங்கிலிகளுக்கு ஒரு வழி கண்டனர். சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் இரு கோணங்களில் திரும்பக்கூடும். ஆயினும், அணுக்கள் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் நெருங்க இயலா. அணுக்கள் முட்டிக்கொள்ளும் கோணங்களை விலக்கினால் எஞ்சுவன சிலவே. அவற்றை ஒரு வரைபடத்தில் குறித்தனர். இந்நெறியைக் கொண்டே வி. எஸ். ஆர். ராவ் முதலியோர் 1960களில் மாவுச்சத்து, செல்லுலோசு ஆகியவற்றின் வடிவங்களையும் ஆராய்ந்தனர்.

கணிப்பொறியால் புரத வடிவத்தை முன்னறியும் முறைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அத்தகைய கணிப்புகளையும் இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுச் சரிபார்ப்பது இன்றும் வழக்கம்.

இவ்வடிவ வேறுபாட்டால் நெசவுத் தொழிலுக்கும் பயனுண்டு. துணியிற் கஞ்சி தங்கினால் சாயம் சீராகப் பற்றாது. அதனை நீக்க அமிலம் இட்டால், அது இருவகை இணைப்புகளையும் அறுக்கும். அளவு மிஞ்சினால் நூலும் நலியும். அமிலேஸ் என்னும் நொதியோ மாவுச்சத்தின் இணைப்புக்கு மட்டுமே பொருந்தும் வடிவுடையது. கஞ்சியை அறுத்துப் பருத்தியை விட்டுவிடும். கஞ்சி நீங்கிற்றா என்பதை அறிய, துணியின் ஓரத்தில் ஒரு துளி அயோடின் கரைசலை இட்டால் போதும். அயோடின் மாவுச்சத்தின் சுருளுக்குள் புகுந்து நீலநிறம் காட்டும். நீலம் தோன்றினால், சாயத்தொட்டியில் இடாமல் மீண்டும் கஞ்சி நீக்குதல் வேண்டும்.