சிவந்த பாக்டீரியாவும் பால் கலக்காத டீயும்

தக்காளிக்குச் சிவப்பைக் கொடுப்பது லைகோபீன். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அதைச் செய்யத் தெரியாது. பான்டோயா என்ற வேறொரு பாக்டீரியாவின் மூன்று மரபணுக்களை அதற்குள் வைத்துவிட்டால் செய்யத் தொடங்கிவிடும். எவ்வளவு செய்திருக்கிறது என்பதை ஒளியை வைத்தே அளக்கலாம்.

லைகோபீன் நீலத்தையும் பச்சையையும் விழுங்குகிறது. மிஞ்சுவது நம் கண்ணுக்குச் சிவப்பு. ஆகவே 474 நானோமீட்டர் அலைநீள ஒளியை, க்யூவெட் எனப்படும் சின்னச் சதுரக் குப்பியின் வழியே செலுத்துகிறோம். பத்தில் ஒரு பங்கு மறுபக்கம் வந்தால் கருவி 1 என்று காட்டும். நூறில் ஒரு பங்கு வந்தால் 2. கரைசல் நீர்த்ததாக இருக்கும்வரை, பொருள் இரட்டித்தால் இந்த எண்ணும் இரட்டிக்கும்.

அப்படியானால் வளர்ப்புக் குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து நேராகக் கருவியில் வைத்துவிடலாமே? இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். கருவி பொருளைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பாவம், அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: புறப்பட்ட ஒளியில் எவ்வளவு வந்து சேரவில்லை என்பது. ஏன் வரவில்லை என்று அதைக் கேட்டுப் பயனில்லை.

கண்ணாடி டம்ளரில் பால் கலக்காத டீ, பின்னால் செய்தித்தாள். எழுத்து மங்கலாகவாவது தெரியும். டீயின் சாயம் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். அதே டம்ளரில் வெறும் பாலை ஊற்றினால்? சாயமே இல்லை, ஆனால் ஓர் எழுத்தும் தெரியாது. பாலிலுள்ள கொழுப்புத் துளிகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துவிடுகின்றன. பாக்டீரியாக் கலங்கலும் பாலின் கட்சிதான். 600 நானோமீட்டரில் லைகோபீன் ஒளியைத் தொடுவதே இல்லை எனலாம். அங்கேயும் கருவி ஓர் எண்ணைக் காட்டும். அது செல்கள் சிதறடித்த ஒளி. ஆய்வகங்களில் ‘ஓடி 600’ என்று தினமும் சொல்வது இதைத்தான். செல்கள் எவ்வளவு வளர்ந்தன என்று அறிய அது போதும், லைகோபீனுக்கு உதவாது.

எனவே முதலில் லைகோபீனைச் செல்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் அடியில் செல்கள் சிவப்பு வண்டலாகப் படியும். அதில் அசிட்டோன் ஊற்றி, 55 டிகிரியில் கால் மணி நேரம் இருட்டில் வைக்கிறோம். வெளிச்சம் பட்டால் லைகோபீன் கெட்டுவிடும். செல்லின் கொழுப்புச் சவ்வில் ஒட்டியிருந்த லைகோபீன் அசிட்டோனுக்கு மாறிவிடும். மறுபடி சுழற்றினால் அடியில் வெளுத்த சக்கை, மேலே தெளிந்த சிவப்பு. இதைத்தான் அளக்க வேண்டும். மரபணு மாற்றாத ஈ.கோலையிலும் இதையே செய்து, அந்த எண்ணைக் கழித்துக்கொள்கிறோம். பிறகு அளவு தெரிந்த லைகோபீன் கரைசல்களோடு ஒப்பிட்டால் கணக்கு முடிந்தது.

நாலாவதாக ஒரு மரபணுவைச் சேர்த்தால் லைகோபீன் பீட்டா கரோட்டினாக மாறும். அது விழுங்கும் ஒளியும் ஏறக்குறைய இதே பகுதிதான். இரண்டும் கலந்திருந்தால் இந்த ஓர் எண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது, ஹெச்.பி.எல்.சி. கருவியில் முதலில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டுதான் அளக்க வேண்டும்.