மத்தியக் காக்கி – 7: ஏரிக்கரையில் 24 நிமிடம்

புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரை. விடிகாலை ஐந்தரை. கிழக்கே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. பதினோரு பையன்கள், மூன்று பெண்பிள்ளைகள். கரை முனையில் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பவர் சி.ஆர்.பி.எஃப்.பில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு அவர் 'மாமா'. "மொதோ கிலோமீட்டர்லயே பறக்காதடா, கடைசிக்குக் காலு வேணும்" என்று முன்னால் போகிறவனைப் பார்த்துக் கத்துகிறார். அவன் கேட்பதாயில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

போன வாரம் எந்த மத்தியப் போலீஸ் படைக்கு எந்தத் தேர்வு என்று பார்த்தோம். வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பிள்ளைகளோடு பழகியதில் எனக்குத் தெரிந்தது, அவர்களில் நிறையப் பேர் தோற்பது தேர்வு மண்டபத்துக்கு வெளியேதான். இந்த வாரம் அதைப் பேசுவோம்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் முதலில் எழுதுவது எஸ்.எஸ்.சி. என்கிற மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வு. வயது 18 முதல் 23; ஓ.பி.சி.க்கு மூன்று வருஷமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருஷமும் சலுகை உண்டு. 80 கேள்வி, 160 மதிப்பெண், ஒரு மணி நேரம். 2024 முதல் கேள்வித்தாள் தமிழிலும் வருகிறது. ஆனாலும் 20 கேள்விகள் மொழிக்கு உரியவை, அதில் ஆங்கிலமோ இந்தியோ ஒன்றைத்தான் எடுக்க முடியும். தமிழில் வந்துவிட்டது என்று ஆங்கிலத்தைக் கைவிட்டால் 40 மதிப்பெண் போச்சு.

எழுத்தில் தேறினால் ஓட்டம். ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் முடிக்க வேண்டும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில். ஆண்களுக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 48 நொடி, அதையும் விடாமல் ஐந்து முறை. இதற்கு மதிப்பெண் கிடையாது. 24:01 என்றால் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். ரிசல்ட் வந்த பிறகு ஓடிப் பழகிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு உடம்பு ஒத்துழைக்காது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே வாரம் நாலு நாள் மெதுவாக ஓட ஆரம்பித்தவனுக்கு இது பெரிய விஷயமே இல்லை என்கிறார் மாமா. பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர்ந்துவிடுங்கள்: 'ஏ' சான்றிதழுக்கு 3.2, 'பி'க்கு 4.8, 'சி'க்கு 8 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும்.

இனி காகித சமாச்சாரம். பாகூருக்குக் கல்வி புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாக விட்டதைச் செப்பேடு சொல்கிறது. அங்கே சேர யாரிடம் என்ன சான்றிதழ் கேட்டார்களோ, தெரியாது. இப்போது கேட்பது தெரியும். ஜி.டி. தேர்வில் காலியிடங்களை மாநிலம், யூனியன் பிரதேசம் வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். புதுச்சேரி என்று விண்ணப்பித்தால் புதுச்சேரிக்காரர் என்பதற்குக் குடியிருப்புச் சான்று வேண்டும். எளிதுதானே என்று தோன்றும். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போய்ப் பாருங்கள். அரியூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. வீடு ஒரு பக்கம், ரேஷன் கார்டு இன்னொரு பக்கம், படித்த பள்ளி வேறு பக்கம் என்று இருக்கிற குடும்பங்கள் இங்கே சாதாரணம். விண்ணப்பத்தில் ஒரு மாநிலமும் சான்றிதழில் வேறு மாநிலமும் இருந்தால் ஓடி ஜெயித்ததும் வீண்.

சாதிச் சான்றிதழில் இன்னொரு கண்ணி. தாலுகா ஆபீசில் வாங்கி வைத்திருப்பதில் 'எம்.பி.சி.' என்று இருக்கும். கல்லூரி அட்மிஷனுக்கு அது செல்லும். மத்திய அரசில் எம்.பி.சி. என்ற பிரிவே இல்லை. உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் புதுச்சேரியின் கீழ் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும்.

உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 157, எஸ்.டி.க்குச் சலுகை உண்டு. 167 செ.மீ. பையனிடம் "உனக்கு போலீஸ் வேலை கிடைக்காதுப்பா" என்று ஊரே சொல்லிவிடுகிறது. அவன் ஒரு டிகிரி முடித்து சி.ஜி.எல். தேர்வு எழுதினால் சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டர் ஆகலாம்; அங்கே ஆண்களுக்குக் கேட்பது 165 தான். கான்ஸ்டபிளுக்கு உயரம் போதாதவன் சி.பி.ஐ.க்குப் போதும்! அப்புறம் பச்சை. சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் குத்தியிருந்தால் மெடிக்கலில் கழித்துவிடுவார்கள். காதலியின் பெயரைக் குத்துமுன் யோசிக்கவும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. பாகூர்ப் பக்கத்தில் படிக்கிற பையனுக்குக் கைச்செலவுக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது: நாலு பாட்டில் சரக்கை வண்டியில் வைத்துக் கடலூர்ப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பது. சோதனைச் சாவடியில் மாட்டினால் தமிழ்நாட்டில் மதுவிலக்கு வழக்கு. பின்னால் உட்கார்ந்து போனவன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறலாம். திருவிழா அடிதடியும் இப்படித்தான். ஊரில் பேசி முடித்தாயிற்று என்று நினைத்திருப்பான், கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருக்கும். வேலைக்கு எடுக்கும்போது தரும் படிவத்தில் கைதானதுண்டா, வழக்கு உண்டா என்று கேட்கிறார்கள். பயந்துபோய் 'இல்லை' என்று எழுதுகிறார்கள்.

அவ்தார் சிங் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும். இளவயதில் நடந்த சிறு குற்றமாக இருந்தால் அரசு மன்னிக்கலாம். மறைத்தது தெரிந்தால் பயிற்சியில் இருப்பவரைக்கூட வெளியே அனுப்பலாம். உண்மையைச் சொன்னவருக்கு வேலை கட்டாயம் என்றும் தீர்ப்பு சொல்லவில்லை. அதிகாரிகள்தான் எடைபோட்டு முடிவெடுப்பார்கள். ஆனாலும் எழுதிவிடுவதே மேல். சின்ன கேஸ் சில நேரம் தப்பும், பொய் தப்பாது.

அடுத்த வாரம் கணக்கும் ரீசனிங்கும். அதற்குள் பீரோவைத் திறந்து சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 'எம்.பி.சி.' என்று மட்டும் இருந்தால் திங்கட்கிழமையே தாலுகா ஆபீசுக்குப் போய்விடுங்கள்.