பன் கடையில் கற்ற பேணுதல்

வெளிநாடு சென்று திரும்பியவர்கள் அங்கே கண்ட வானளாவிய மாளிகைகளையும் அங்காடிகளையும் பற்றிப் பேசுவது வழக்கம். நானோ ஒரு சிறிய பன் கடையைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன். வாசக அன்பர்கள் வியப்படைய வேண்டாம். பன்னும் கேக்கும் காப்பியும் இன்று நம் இல்லங்களில் அன்றாடம் புழங்குபவை. அவற்றின் மூலமாகவே அல்லாஹ் எனக்கு ஒரு பாடத்தைப் புகட்டினான்.

2018ஆம் ஆண்டு டிசம்பர் மாத விடுமுறையில் ஹாங்காங்கில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் 10 நாட்கள் தங்கியிருந்தேன். மச்சான் அங்கே மாணிக்கக் கல் வணிகம் செய்பவர். காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களைச் சேர்ந்த நம் மக்கள் அத்தொழிலை முன்னிட்டு அந்நகரில் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகிறார்கள். நாதன் ரோட்டில் உள்ள கவுலூன் பள்ளிவாசல்தான் அவர்கள் ஒருவரையொருவர் கண்டு சலாம் உரைத்துக்கொள்ளும் இடம். பிரிட்டிஷ் படையில் பணிபுரிந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்காக 1896இல் எழுந்த பள்ளி அது. இப்போதுள்ள கட்டடம் 1984இல் திறக்கப்பட்டது.

நாள்தோறும் சுப்ஹுத் தொழுகைக்கு என் கையைப் பற்றிக்கொண்டு வருவான் தங்கையின் 10 வயது மகன். திரும்பும் வழியில் ஒரு சீனர் கடை உண்டு. அதிகாலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். சுடச்சுட வெந்த மாவின் நறுமணம் தெருமுனை வரை வந்து நம்மை அழைக்கும். அவ்விடம் வந்ததும் என் மருமகன் தலையைக் குனிந்துகொண்டு விரைந்து நடப்பான். முதல் நாள் நான் இதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் காரணம் கேட்டேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தவன், "மாமா, உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று தொடங்கினான்.

பாதித் துண்டின் பாரம்

பள்ளிக்கூடம் விட்டதும் அவனுடைய வகுப்புத் தோழர்கள் அக்கடையில் கூடுவார்களாம். ஒரு நாள் ஒருவன் எல்லோருக்கும் முட்டை டார்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறான். சிறு கிண்ணம் போன்ற மாவு ஓட்டினுள் மஞ்சள் நிறத்தில் முட்டைப்பாகு தளும்பி நிற்கும் பலகாரம் அது. முட்டைதானே என்று இவனும் பாதி தின்றுவிட்டான். அப்போது மற்றொருவன், "நீ பன்றி தின்னமாட்டாயே! இதன் ஓட்டில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதே!" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

"பிறகு என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"மீதியையும் தின்றுவிட்டேன் மாமா. துப்பினால் இன்னும் சிரிப்பார்களே" என்றான். அவன் கண்கள் கலங்கிவிட்டன.

அறியாமல் உண்ட முதல் பாதிக்குக் குற்றமில்லை. பருவமடையாத பிள்ளையின் மீது வினைப்பதிவேட்டின் பேனா ஓடுவதுமில்லை. இவை மார்க்கச் சட்டம் அறிந்த யாவருக்கும் தெரிந்தவை. அவனிடமும் அதைச் சொன்னேன். ஆயினும் அந்தச் சட்டத்தைச் சொல்லி அவனுடைய கண்ணீரை உடனே துடைத்துவிட என் மனம் ஒப்பவில்லை. அந்தக் கண்ணீர் ஈமானின் ஈரமல்லவா! அது காய்ந்துவிடக் கூடாதே என்றே அஞ்சினேன்.

"கடையில் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எப்படிக் கேட்பது மாமா? கேட்டாலும் சிரிப்பார்களே."

இந்த மறுமொழி என்னைத் தைத்தது. எத்தனையோ ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஹலால், ஹராம் பட்டியல்களை மனப்பாடம் செய்வித்து வருபவன் நான். ஆனால், நம்மவர் அல்லாதார் கடையில் முகம் மலர நின்று, "ஐயா, இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும் துணிவை ஒரு பிள்ளைக்கேனும் கற்பித்தேனா? இல்லை. மறுநாள் காலையில் இருவருமாக அந்தக் கடைக்குள் செல்வதென்று முடிவு செய்தோம்.

அன்னாசி இல்லாத அன்னாசி பன்

ஐந்தாறு பேர் அமரக்கூடிய சிறு மேசைகள். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகள். வாடிக்கையாளர் ஒரு தட்டையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு வேண்டியதைத் தாமே எடுத்து வைக்க வேண்டும். என் மருமகன் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தான்.

போலோ பாவ் என்பது அன்னாசி பன். அதில் அன்னாசி ஒரு துளியும் கிடையாது. மேலே பூசிய சர்க்கரை மாவு வேகும்போது வெடித்துக் கட்டம் கட்டமாகி அன்னாசித் தோலைப் போலத் தோன்றுவதால் அப்பெயர். இதனைச் செய்யும் கைத்திறனை ஹாங்காங் அரசு 2014ஆம் ஆண்டில் தன் மரபுச் செல்வங்களின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. மற்றொன்று கை மேய் பாவ், அதாவது சேவல் வால் பன். விற்காமல் மீந்த பன்களைக் குப்பையில் கொட்ட மனமில்லாத கடைக்காரர்கள், அவற்றை அரைத்துச் சர்க்கரையும் தேங்காயும் கலந்து புதிய பன்னுக்குள் பூரணமாக வைத்தார்கள் என்றும், அவ்வாறே இது பிறந்தது என்றும் சொல்கிறார்கள். வலீமா விருந்துகளில் சஹன் சஹனாகச் சோற்றைக் கொட்டும் நமக்கு இதில் படிப்பினை உண்டு.

சா சியூ பாவ் என்பது பன்றி இறைச்சி வைத்த பன். அதை எவரும் எளிதில் விலக்கிவிடலாம். விலக்கக் கடினமானது, கண்ணுக்குத் தெரியாத கொழுப்புதான். சீன மொழியில் வெண்ணெய்க்கு மாட்டு எண்ணெய் என்று பொருள்படும் ஙாவ் யாவ் என்ற பெயர். பன்றிக் கொழுப்புக்கோ ஜூ யாவ் என்று பெயர். எழுதும்போது இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே வேறுபடும். அந்த ஓர் எழுத்தில் ஹலாலும் ஹராமும் பிரிந்துவிடுகின்றன! பன்றிக் கொழுப்பு சேர்ந்தால் மாவு ஓடு ஏடு ஏடாகப் பிரிந்து பொருபொருவென உதிரும். ஆகவே முட்டை டார்ட்டின் ஓட்டிலும், அன்னாசி பன்னின் மேற்பூச்சிலும், பூசணிப்பாகு வைத்த மனைவி கேக்கிலும், நிலாத் திருநாளின் கேக்கிலும் மரபாக அதனைச் சேர்த்து வந்திருக்கிறார்கள். இன்று வெண்ணெயோ தாவரக் கொழுப்போ சேர்ப்பவர்களும் உண்டு. பொட்டலத்தில் அடைத்ததாயின் சேர்மானத்தைப் படித்தறியலாம். தட்டில் திறந்து அடுக்கியதற்குப் பட்டியல் ஏது? வாய் திறந்து கேட்பது ஒன்றே வழி.

கடைக்கார அம்மையார்

கல்லாவில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். மருமகன் தயங்கினான். அவன் தோளில் கை வைத்தேன். பிஸ்மி சொல்லிக்கொண்டு, முட்டை டார்ட்டைச் சுட்டிக்காட்டிச் சீன மொழியில் கேட்டான். அம்மையார் என் தொப்பியைப் பார்த்தார். அவனுடைய தொப்பியையும் பார்த்தார். இரு கைகளையும் அசைத்து மறுத்தார். "இது உங்களுக்கு ஆகாது. ஓட்டில் ஜூ யாவ் இருக்கிறது. பன்களின் மாவிலும் இருக்கிறது" என்றார். இந்தோனேசியாவிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள் பலர் இவ்வாறு கேட்பதால், எதில் எது என்பது தமக்கு மனப்பாடம் என்றும் சொன்னார்.

பிறகு என் மருமகனை உற்றுப் பார்த்தார். "நீ பள்ளிக்கூடப் பையன்களோடு வருபவன் அல்லவா? அன்று உனக்கு டார்ட் கொடுத்தேனே! நீ கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனே!" என்றார். அவர் குரலில் சினமில்லை, வருத்தமே இருந்தது. இதை எனக்குத் தமிழில் சொல்லும்போது மருமகனின் குரல் தழுதழுத்தது.

எங்களிடம் பொய் சொல்லியிருந்தால் அந்த அம்மையாருக்கு நான்கு பன்கள் விற்றிருக்கும். நாங்களும் அறிந்திருக்க மாட்டோம். விற்பனையை இழந்து உண்மையைக் கூறினார் அவர். சரக்கின் குறையை மறைக்காமல் விற்க வேண்டும் என்பது வணிகருக்கு நம் மார்க்கம் விதித்த ஒழுக்கம். கலிமாச் சொல்லாத ஒருவரிடம் அதைக் கண்டபோது, கலிமாச் சொன்ன நம் கடைத்தெருக்களை எண்ணி நாணினேன்.

நாங்கள் திரும்ப முற்பட்டபோது அவரே நிறுத்தினார். காகிதத்தில் வார்த்து வேகவைத்த கேக் ஒன்று உண்டு என்றார். முட்டை, மாவு, சர்க்கரை, பால், தாவர எண்ணெய் இவைதாம் சேர்மானம். எண்ணெய் டின்னையே உள்ளிருந்து எடுத்து வந்து காட்டினார். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாங்கள், பன்றியின் ஈரம் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியவர்கள். ஆதலால் தட்டையும் இடுக்கியையும் பற்றிக் கேட்டேன். அந்தக் கேக்குக்கு அச்சு தனி, அதிலும் சுற்றிலும் காகிதம் என்றார். பொது இடுக்கியைத் தொடாமல் உள்ளிருந்தே காகிதத்தோடு எடுத்துத் தந்தார்.

இரண்டு கேக்குகள். எனக்கு டின் பால் ஊற்றிய சூடான காப்பி. பஞ்சு போன்ற அந்தக் கேக்கை அவன் பிய்த்துத் தின்ற அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இது என் மனநிறைவுக்கேற்ப நான் செய்தது. ஃபத்வா அன்று. மச்சானோ இத்தகைய கடைகளில் எதையும் உண்பதில்லை. ஹலால் சான்று பெற்ற இடங்களை நாடுவார். வான்சாய் பகுதியிலுள்ள பள்ளிவாசலின் ஐந்தாம் மாடி உணவகத்தில் சீனப் பலகாரங்களே ஹலாலாகக் கிடைக்கின்றன. அவருடைய பேணுதல் என்னுடையதினும் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வீடு திரும்பியதும் மருமகன் தானாகவே தாயிடம் போய் நடந்ததைச் சொன்னான். தங்கை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவனை அணைத்துக்கொண்டு, "இதைச் சொல்ல இத்தனை நாளா ராஜா? அவ்வளவு பயமாகவா உன் உம்மா இருக்கிறேன்?" என்றாள். என் பக்கம் திரும்பி, "காக்கா, குற்றம் பிள்ளையுடையது மட்டுமல்ல" என்றாள். அவள் சொன்னது மெய்தான்.

நம் வீட்டுக்கு

சீனர் கடையில் இவ்வளவு விசாரித்த நான், நம் ஊர் பேக்கரியில் என்ன கேட்டிருக்கிறேன்? மதரஸா ஆண்டு விழாவுக்குக் கேக் வாங்கிய நாட்களில் விலையைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. கிரீமை உறையச் செய்யும் ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கப்படுவது. பன்றித் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். 471 என்ற எண்ணிட்ட சேர்மானம் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். சில பழக் கேக்குகளில் ரம் என்னும் மது ஊற்றுவதுண்டு. பொட்டலத்திலுள்ள பச்சைப் புள்ளி விலங்குக் கொழுப்பில்லை என்பதைத்தான் தெரிவிக்கும். மதுவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதனால் எல்லாவற்றிலும் சந்தேகம் கொண்டு வீட்டாரை அலைக்கழிக்க வேண்டும் என்பதன்று. வஸ்வாஸ் வேறு, பேணுதல் வேறு. ஆதாரமின்றி ஐயுறுவது வஸ்வாஸ். அறிய வழியிருக்கும்போது அறிந்துகொள்வது பேணுதல். தாய்மார்களே! கடைக்குச் செல்லும்போது பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். தவறி உண்டுவிட்டால் உங்களிடம் அஞ்சாமல் வந்து சொல்லும்படி அவர்களிடம் அன்பு காட்டுங்கள்.

ஊர் திரும்பும் நாளன்று அந்தக் கடையைக் கடந்தோம். மருமகன் தலை குனியவில்லை. உள்ளே பார்த்துக் கையசைத்தான். அம்மையாரும் கையசைத்தார்.

உண்பது ஹலாலாகவும், உரைப்பது உண்மையாகவும், நம் பிள்ளைகள் எங்கும் நிமிர்ந்து நடப்பவர்களாகவும் அமைய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.