வலியைத் தணிக்கும் மின் துடிப்பு



முழங்கால் வலியோ இடுப்பு வலியோ இல்லாத இல்லம் அரிது. வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் பழுதுபடக்கூடும். ஆகவே, 'டென்ஸ்' எனப்படும் சிறிய மின்கருவியைப் பலர் நாடுகின்றனர். அதன் பயனையும் எல்லையையும் நீங்கள் அறிந்திருப்பது நன்று.

மின்சாரத்தால் வலியைத் தணிப்பது புதிய செய்தியன்று. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கால்மூட்டு வாதத்தால் வருந்துவோரைக் கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கை மீன்மீது, கால் மரத்துப்போகும் வரை நிற்கச் சொன்னார். 

இது எவ்வாறு பயன் தருகிறது? காலில் அடிபட்டதும் கை தானாகவே அவ்விடத்தைத் தேய்க்கிறதல்லவா? தொடு உணர்வைச் சுமக்கும் நரம்புகள் விழித்தெழும்போது, முதுகுத் தண்டில் வலிச் செய்தி செல்லும் வாயில் ஓரளவு அடைபடுகிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய அறிஞர்கள் வெளியிட்ட 'வாயிற் கோட்பாடு' இதுவே. தோலில் ஒட்டப்படும் பட்டைகள் வழியே, பெரும்பாலும் வினாடிக்கு 80 முதல் 100 வரையிலான மெல்லிய துடிப்புகளைச் செலுத்தி, டென்ஸ் கருவி அந்நரம்புகளைத் தூண்டுகிறது. சுருக்கென்ற உணர்வு தெளிவாக இருக்கலாம்; வேதனை தரலாகாது.

பயன் எவ்வளவு? 381 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த மதிப்பீடு, கருவி இயங்கும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைவதாகக் கூறியது. ஆனால், இடுப்பு வலிக்கு இதனைப் பரிந்துரைக்க வேண்டாமென இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம் 2016இல் அறிவுறுத்தியது. எனவே இது நோயைக் குணமாக்கும் மருந்தன்று. சிலருக்குச் சற்று நேரம் ஆறுதல் தரும் துணை மட்டுமே.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், கர்ப்பிணிகளும், வலிப்பு நோயாளிகளும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. கழுத்தின் முன்புறத்திலும், புண்ணிலும், உணர்வற்ற தோலிலும் பட்டைகளை ஒட்டக்கூடாது. குளிக்கும்போதும், உறங்கும்போதும், வாகனம் ஓட்டும்போதும் பயன்படுத்தக்கூடாது.

வலி என்பது உடலின் காவற்காரன். திருடன் யாரென்று பாராமல் காவற்காரனின் வாயைக் கட்டுவது அறிவுடைமையாகாது. மார்பு வலியோ, முதுகு வலியுடன் காய்ச்சல், கால் மரத்தல், சிறுநீர் அடைப்பு ஆகியவையோ தோன்றினால் கருவியைத் தேடாதீர்கள். உடனே மருத்துவமனையை நாடுங்கள்.

நம் தாய்மார்கள் வலியை மறைத்தே பழகியவர்கள். அவர்களுக்குக் கருவி வாங்கித் தருமுன், "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் சென்று காரணத்தை அறியுங்கள். கருவி அதற்குப் பிறகு வரட்டும்.