கணக்கு அறையும் கணினியும் – 9
புது சர்வருக்கு ஏன் இந்தத் திணறல்?

திருப்பூர் பனியன் கம்பெனியோ கோவை ஃபவுண்டரியோ, புது சர்வர் வந்த முதல் வாரத்தில் முதலாளிகள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "இத்தனை பணம் போட்டு வாங்கியிருக்கறனுங்க. பில் போடுற பொண்ணு, பழசே தேவலைங்கறா." டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் 90 சதவீதத்துக்கு மேல் ஏறி நிற்கும். சர்வரை மாற்றிக் கொடுத்தவர் ரேம் சேர்க்கலாம் என்பார். இல்லையென்றால் விண்டோஸை மறுபடி போடலாம் என்பார். இரண்டுமே அவசர முடிவுகள். பெரும்பாலும் இயந்திரத்தில் பழுது இருக்காது. பழைய சர்வரில் ஆண்டுக்கணக்காக யார் யாரோ செய்துவைத்த சின்னச் சின்ன ஏற்பாடுகள் புதியதற்கு வந்து சேர்ந்திருக்காது.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10 அன்று நிறுத்தியது. அதையொட்டிப் பல கம்பெனிகளில் இந்த மாற்றம் நடந்தது. இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஆகவே கேள்வி பழையதாகவில்லை.

இந்தத் திணறல் பெரிய இடங்களிலும் வந்ததுண்டு. 2019 ஜூலை 2 அன்று, இணையதளங்களுக்குப் பாதுகாப்புத் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் திணறின. பிராசஸர்கள் 100 சதவீதத்தைத் தொட்டன. சுமார் 27 நிமிடம், அந்நிறுவனத்தை நம்பியிருந்த இணையதளங்கள் திறக்கவில்லை. ஏதோ புதுவகைத் தாக்குதல் என்றுதான் உள்ளே இருந்தவர்களே முதலில் சந்தேகித்தார்கள். சற்றுமுன் தாங்களே ஏற்றிய பாதுகாப்பு விதியில் இருந்த ஒரு வரிதான் காரணம். அந்த விதித்தொகுப்பை நிறுத்தியதும் எல்லாம் சீரானது. பிராசஸர் ஏறினால், கடைசியாக எதை மாற்றினோம் என்பதே முதல் கேள்வி. நம் கணக்கு அறையில் சர்வர் மாற்றும்போது எல்லாமே ஒரே நாளில் மாறிவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

மொத்தச் சதவீதத்தை வெறித்துப் பார்ப்பதில் பயனில்லை. 'டீட்டெயில்ஸ்' பக்கத்தில் சிபியு தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் எடுக்கும் புரோகிராம் மேலே வந்துவிடும். எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லோரும் டேலியைத் திறக்கும்போதா, ஆளில்லாத நள்ளிரவிலா?

மேலே நிற்பது 'ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்றால் அது விண்டோஸ் டிஃபெண்டர். 2016 பதிப்பிலிருந்து சர்வரோடு சேர்ந்தே வருகிறது. டேலி டேட்டா ஃபோல்டரைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுதும்போது, அந்த ஃபைல்களை அது விடாமல் சோதிக்கிறது. பழைய சர்வரில் இருந்த ஆன்ட்டிவைரஸில் யாரோ ஒருவர் அந்த ஃபோல்டருக்கு விலக்குக் கொடுத்திருப்பார். புதியதில் அது இல்லை. எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டா ஃபைல்களுக்கும் இதே கதைதான். டேட்டா இருக்கும் இடத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஆன்ட்டிவைரஸை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள்.

பிராசஸர் பாதியிலேயே நின்று, அதற்கு மேல் ஏறாமல், வேலையும் நகரவில்லையா? எந்த எஸ்க்யூஎல் ஓடுகிறது என்று பாருங்கள். நம் ஊரின் பல இஆர்பி மென்பொருள்கள் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில்தான் ஓடுகின்றன. 2022 பதிப்பு வரை அது 4 கோருக்கு மேல் தொடாது; ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டவும் விடாது. 8 கோர் சர்வரில் அதை ஓட்டுவது, எட்டுத் தறி வாங்கி நாலுக்கு மட்டும் கரண்ட் கொடுப்பது மாதிரி. வேகத்தையும் பார்க்க வேண்டும். பழைய ஸியான் இ3-1220 வி3 பிராசஸருக்கு 4 கோர், அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ். ஸியான் சில்வர் 4208-க்கு 8 கோர், ஆனால் 2.1 கிகாஹெர்ட்ஸ்தான். ஒரே கோரில் ஓடும் மென்பொருளுக்கு இந்த 'முன்னேற்றம்' அவ்வளவாக உதவாது. போதாக்குறைக்கு விண்டோஸ் சர்வரின் பவர் பிளான் 'பேலன்ஸ்ட்' என்றே வருகிறது. அதை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கி, பயாஸிலும் மின்சேமிப்பு அமைப்பைச் சரிபாருங்கள்.

டேட்டாபேஸைப் பழைய பதிப்பிலிருந்து புதியதற்குக் கொண்டுவந்திருந்தால் இன்னொரு சந்தேகம் உண்டு. ஒரு கேள்விக்கு எத்தனை வரி விடை வரும் என்று கணிக்கும் முறையை எஸ்க்யூஎல் சர்வர் 2014-இல் மைக்ரோசாஃப்ட் மாற்றியது. பழைய ரிப்போர்ட்டுகள் சில அதில் தடம் மாறி, பிராசஸரைத் தின்னும். முதலில் ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் புதுப்பியுங்கள். தீராவிட்டால் காம்பாட்டிபிலிட்டி லெவலைப் பழைய எண்ணுக்கே இறக்கிப் பாருங்கள்.

நள்ளிரவில் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வசதியாக ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய. செக்யூரிட்டி லாகில் 4625 என்ற எண் வரிசையாக நிரம்பியிருந்தால், வெளியிலிருந்து யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று பொருள். அன்றே அந்த போர்ட்டை மூடி விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியே சுமை இறங்கி, மூடியதும் ஏறினால், கிரிப்டோ நாணயம் தோண்டும் மால்வேர் உள்ளே இருக்கக்கூடும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இத்தனைக்கும் மருந்து ஒரு நோட்டுப் புத்தகம்தான். பழைய சர்வரை அணைப்பதற்கு முன் விலக்குப் பட்டியல், ஷெட்யூல் வேலைகள், எஸ்க்யூஎல் அமைப்பு, வழக்கமான நாளில் பிராசஸர் எவ்வளவு ஓடியது என்ற எண் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

அடுத்த வாரம்: பேக்கப் எடுத்திருக்கிறோம் என்று நம்புகிறவர்களும், அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தவர்களும்.